விருதுப் பட்டியல்களும் நமது செவிகளும்

ஆண்டு பிறந்து சில வாரங்களுள் ஒஸ்கார் விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளிவருகின்றது. மறுநாளே நமது விடுதிகளிலும் விரிவுரையாளர் ஓய்வறைகளிலும் செத்தவீட்டுக்குரிய முகங்களைக் காணலாம். தமிழ்ப் படம் எதுவும் இடம்பெறவில்லை. தமிழன் இம்முறையும் ஒதுக்கப்பட்டான். நம் கலையை விளங்கிக்கொள்ளும் தகைமை மேலைத்தேயத்தவனுக்கு இல்லை. இவ்வொப்பாரியின் அடிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை; இறந்தவரின் பெயர் மட்டுமே மாறுகின்றது. கொடிகாமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் வந்துபோகும் காலத்தில் இவ்வொப்பாரியைப் போகும் வழியிலும் கேட்டேன். வரும் வழியிலும் கேட்டேன். அழுகின்றவர்கள் வீடு தவறி வந்து அழுகின்றார்கள் என்பதே எனது வாதம்.

ஒப்பாரிக்கு முன்னர் ஒரு கொண்டாட்டமும் உண்டு; அதை முதலிற் கூறிவிடுவது நன்று. 2021இல் 366 படங்கள் கொண்ட பட்டியலொன்றில் ‘சூரரைப் போற்று’ இடம்பெற்றது. 2022இல் 276 படங்களுள் ஒன்றாக ‘ஜெய் பீம்’ இடம்பெற்றது. 2025இல் 323 படங்களுள் ஒன்றாக, இரைச்சல் மிகுதியெனப் பார்த்தோராற் குறைகூறப்பட்ட ‘கங்குவா’வும் இடம்பெற்றது. ஒவ்வொரு முறையும் ‘தமிழ்ப் படம் ஒஸ்கார் களத்தில்’ என்ற ஆரவாரம் எழுந்தது. ஆனால் அவை தகுதிப் பட்டியல்களேயன்றிப் பரிந்துரைப் பட்டியல்கள் அல்ல. குறிப்பிட்ட அமெரிக்கப் பெருநகரங்கள் சிலவற்றுள் ஒன்றிலே ஏழு நாள் தொடர்ந்து ஓடி, வேண்டிய படிவங்களையும் நிரப்பிக் கொடுத்த படம் அதில் இடம்பெறும். பெருந்தொற்றுக் காலத்தில் அவ்விதியும் தளர்ந்திருந்தது. உயர்தரப் பரீட்சைக்கு அனுமதி அட்டை கிடைத்த அன்றே சித்தியெய்தியதாக வெடி கொளுத்துவோரை நாம் என்னவென்போம்? அனுமதி அட்டைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களே இவ்விடயத்தில் அதனை மறந்துவிடுகின்றனர்.

இனி மெய்யான பரிந்துரையை நோக்குவோம். ஆங்கிலம் அல்லாத மொழிப் படங்களுக்கென ஒதுக்கப்பட்ட விருது, 2019வரை ‘அந்நியமொழித் திரைப்படம்’ என்றும் அதன்பின் ‘சர்வதேசத் திரைப்படம்’ என்றும் வழங்கப்படுகின்றது. ஒரு நாடு ஓராண்டில் ஒரு படத்தையே அனுப்பலாம். இந்தியாவிலே அதனைத் தெரிவுசெய்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. 1969இல் ‘தெய்வமகன்’ தொடக்கம் 2016இல் ‘விசாரணை’, 2021இல் ‘கூழாங்கல்’ எனத் தமிழ்ப் படங்கள் பல அவ்வழியாகச் சென்றன. ஒன்றேனும் இறுதிப் பரிந்துரையை எட்டவில்லை. இந்தியா முழுமையிலுமிருந்தே ‘மதர் இந்தியா’, ‘சலாம் பொம்பே’, ‘லகான்’ ஆகிய மூன்றும்தான் எட்டின. எனவே தமிழுக்கெனத் தனியே இழைக்கப்பட்ட வஞ்சனை எதனையும் இக்கணக்கிலே தேடிக் காண்பது கடினம். அன்றியும், 2023இல் குறும் ஆவணப்படத்துக்கான ஒஸ்காரைப் பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலைக் காட்டில் எடுக்கப்பட்டது. அதிற் பேசப்படுவது தமிழே. அப்பிரிவுக்கு எந்த நாட்டுத் தெரிவுக்குழுவின் கையொப்பமும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் கருதுக.

ஆகவே சர்வதேசப் பிரிவின் வாயிலில் நிற்பது நாடு, மொழியன்று. தமிழ்நாட்டுத் தமிழுக்கு டில்லியின் வழியாக ஒரு வாயிலாவது உண்டு. இலங்கைத் தமிழ் பேசும் படம் கொழும்பின் வாயிலில் நிற்கவேண்டும். அன்றேல் புலம்பெயர்ந்த பிள்ளைகள் வாழும் கனடா, பிரான்ஸ் முதலிய நாடுகளின் வாயிலில் நிற்கவேண்டும். அவ்வாறு ஒரு தடவை கனடாவின் வாயில் திறந்தது. திறந்ததும் என்ன நிகழ்ந்தது என்பதை விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் நமது குழப்பங்கள் யாவும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன.

கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய ஷியாம் செல்வதுரை 1994இல் ‘ஃபனி போய்’ என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். கொழும்பில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் சிறுவன், பெண்பிள்ளைகளோடு சேர்ந்து மணப்பெண் விளையாட்டு விளையாடுவதிலிருந்து, தன் பாலீர்ப்பு ஏனைய ஆண்களினதைப் போன்றதன்று என உணர்வதுவரையும், பின்னர் 1983 ஆடியில் வீடு எரியுண்பதுவரையும் அது செல்கின்றது. தீபா மேத்தா அதனை 2020இல் திரைப்படமாக்கினார். கனடா அப்படத்தைத் தன் சார்பில் ஒஸ்காருக்கு அனுப்பியது. அவ்வாண்டு மார்கழியில் ஒஸ்கார் கழகம் அதனைச் சர்வதேசப் பிரிவிலிருந்து நீக்கியது. உரையாடலிற் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. இப்படத்தில் ஆங்கிலமே பாதியைக் கடந்திருந்தது. கனடா வேறொரு படத்தை அனுப்பிவிட்டு இதனைப் பொதுப்பிரிவுகளில் முன்வைத்தது. அங்கும் எதுவும் கிட்டவில்லை.

இதற்கு முன்னரே ரொறன்ரோவிலும் பிற நகரங்களிலும் தமிழர்கள் கண்டனம் எழுப்பியிருந்தனர். முக்கிய தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழரல்லாதார் நடித்தனர் என்பது ஒன்று. அவர்கள் பேசிய தமிழ் செவிக்கு ஒவ்வாதது என்பது மற்றொன்று. கண்டனத்தின்பின் தமிழ் உரையாடலுக்கு மீண்டும் குரல்கொடுத்துச் சீர்செய்யும் முயற்சியும் நடைபெற்றது. பின்னர் கழகத்தின் முடிவு வெளியானதும் நம்மிடையே இரு கட்சிகள் தோன்றின. ‘தமிழர் துயரைச் சொன்ன படத்தை வெள்ளையர் வெளியே தள்ளினர்’ என்றது ஒரு கட்சி. ‘நன்று, தமிழைக் கொன்றவர்க்கு அதுவே தண்டனை’ என்றது மறுகட்சி. இரு கட்சியினரும் ஒரே பிழையைச் செய்தனர். கழகம் அளந்தது தமிழின் அளவையன்று, ஆங்கிலத்தின் அளவை. நாம் முறையிட்டதோ தமிழின் தரத்தைப் பற்றி. திரையில் வந்த தமிழ் யாவும் குற்றமற்றதாக இருந்திருப்பினும் படம் நீக்கப்பட்டிருக்கும். தமிழ் யாவும் பிழையாக இருந்து, பாதிக்கு மேல் நீண்டிருந்தாற் படம் ஏற்கப்பட்டிருக்கும். நமது வழக்கை விசாரிக்கும் நீதிமன்றமே அங்கு இல்லை.

பாதி என்ற அவ்விதி நியாயமானதா என்பது வேறு வினா. 2019இல் நைஜீரியா அனுப்பிய ‘லயன்ஹார்ட்’ இதே காரணத்தால் நீக்கப்பட்டது. அதில் இக்போ மொழி ஏறத்தாழப் பதினொரு நிமிடமே ஒலித்தது. ஆங்கிலத்தைத் தங்கள்மீது சுமத்திவிட்டு, அதைப் பேசுவதற்காகத் தண்டிக்கின்றீர்களோ என்று அந்நாட்டவர் கேட்டதில் நியாயம் உண்டு. கொழும்பு ஏழின் தமிழ் வீடுகளிலும் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலமே ஆட்சிசெய்தது. செல்வதுரையின் மாந்தர் ஆங்கிலம் பேசுவது பொய்யன்று. ஆகையால் அப்படத்தின் ஆங்கிலத்தை நான் குறைகூறமாட்டேன். அவ்வீடுகளிலே தமிழ் எப்போது வாயில் வந்தது, வேலைக்காரியிடமா, பாட்டியிடமா, கோபத்திலா, அச்சத்திலா என்பதே கலைஞன் செவிகொடுத்துக் கேட்டிருக்கவேண்டியது. அந்தச் சில நிமிடத் தமிழ் முழு ஆங்கிலத்தையும்விடப் பாரமானது. அங்கேதான் படம் வழுக்கிற்று.

‘பேச்சுவழக்கு ஒரு சிறு விடயம், கருத்தன்றோ முக்கியம்’ எனச் சில விரிவுரையாளர்கள் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர்களை ஒரு காலை வேளையிற் கொடிகாமச் சந்தைக்கு அழைக்கின்றேன். கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கச்சாய் வீதியும் கூடும் இடம். தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் வந்து இறங்கும் இடம். மாம்பழக் கூடையின் பின்னே இருக்கும் ஆச்சி, “உதை அங்காலை வைச்சிட்டு இதை எடுங்கோ, அது நேற்றையான்” என்கிறாள். வாங்குபவர் கையில் இருப்பது உது; ஆச்சியின் பக்கத்தில் இருப்பது இது; இருவருக்கும் அப்பால் குவிந்திருப்பது அது. ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்கள். மூன்றுக்கும் தனித்தனிச் சொல். தொல்காப்பியர் சுட்டு மூன்றெனக் கண்டார். தமிழ்நாட்டுப் பேச்சிலே நடுச்சுட்டு வழக்கிறந்தது; நம்மிடையே அது தினமும் விலைபேசுகின்றது. “உங்கை என்ன செய்யிறியள்?” என்று ஒருவர் கேட்டால், கேட்பவர் நம்மிடத்தில் இல்லை, நாம் நிற்குமிடத்தை நம்முடையதாக ஒப்புக்கொண்டே கேட்கின்றார் என்பது நமக்கு உடனே புலனாகின்றது. ‘உங்கை’யை ‘அங்கே’யாக மாற்றினால் அந்த உறவே திரையிலிருந்து அகன்றுவிடும். ‘கதைக்கிறம்’ என்பதைப் ‘பேசறோம்’ என்பதும் அவ்வாறே. இஃது உச்சரிப்புப் பயிற்சியால் ஒட்டவைக்கும் மெருகன்று. நடிகனின் கண் எங்கே நோக்கவேண்டும் என்பதையே இது தீர்மானிக்கின்றது. பின்னர் வேறொருவர் குரல்கொடுத்துத் திருத்தினாலும் கண் பழைய இடத்தையே நோக்கிக்கொண்டிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘தமிழன் கதையைத் தமிழனே எடுக்கவேண்டும், தமிழனே நடிக்கவேண்டும்’ என்பது நம் கண்டனக்காரர்களின் அடுத்த படி. நடிகருக்கு வாய்ப்பு மறுக்கப்படுவது பற்றிய முறைப்பாடு நியாயமானது, அதனை மறுக்கவில்லை. ஆயின் பிறப்பைக் கலைக்கு அளவுகோலாக்கும்போது நமது சொந்த வரலாறே குறுக்கே வந்து நிற்கின்றது. 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’யை எண்ணிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் அவ்வளவு அமைதியாகவும் அவ்வளவு கொடுமையாகவும் காட்டிய படம் அதற்கு முன் இல்லை. அதனை இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். எழுத்துக்குக் காவலூர் இராசதுரை இருந்தார். தமக்கு விளங்காத மொழியின்முன் பத்திராஜ செவிசாய்த்து நின்றார். எழுத்தாளரையும் நடிகரையும் நம்பினார். 2012இல் அசோக ஹந்தகம எடுத்த ‘இனி அவன்’ படத்துக்கும் இது பொருந்தும். போர் முடிந்தபின் ஊர் திரும்பும் முன்னாட் போராளியின் கதையைக் கூறிய அப்படத்தைத் தமிழ் நடிகர்களே சுமந்தனர். அது அவ்வாண்டு கான் விழாவின் ஒரு பக்கப்பிரிவிலும் காட்டப்பட்டது. இருவரும் பிறப்பால் வெளியாட்கள், செவியால் அல்லர்.

‘பொன்மணி’க்கு நாம் என்ன செய்தோம்? அது வசூலில் வெற்றிபெறவில்லை. யாழ்ப்பாணத்துப் பொதுசனம் அதனைத் தன் படமென ஏற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1976இல், வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ வரவேற்கப்பட்டது, ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி பேசிய யாழ்ப்பாணத் தமிழுக்கு நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். நல்ல நகைச்சுவை, அதிற் குற்றமில்லை. ஆனால் நமது பேச்சு பகிடிக்கு உதவும், துயரத்துக்கு உதவாது என்ற தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம். சென்னைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, காதலுக்கும் கண்ணீருக்கும் உரிய மொழி மறுகரையில் இருப்பதாகப் பழகிவிட்டோம். மின்சாரம் அற்ற 1990களிலே ஜெனரேற்றர் வைத்து விடியவிடியப் பார்த்த வீடியோப் படங்களும் அதே பாடத்தையே புகட்டின. 2000இல் ‘தெனாலி’யில் கமல்ஹாசன் நம் பேச்சைப் பேசியபோது, பெரிய நடிகர் நம் மொழியைப் பேசினார் என்று மகிழ்ந்தோம், எல்லாவற்றுக்கும் அஞ்சும் நோயாளி ஒருவனின் வாயில் வைத்தே அது பேசப்பட்டது என்பதை எத்தனைபேர் எண்ணினோம்?

இந்தியத் தேசிய விருதுகளையும் இவ்விடத்தில் தொட்டுச் செல்லவேண்டும். 2002ஆம் ஆண்டுக்கான விருதுகளில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆறினைப் பெற்றது. ஈழத்துப் பெண்ணொருத்தி போரினிடையே விட்டுச்சென்ற குழந்தை தாயைத் தேடி வரும் கதை அது. உருக்கமான படம், மணிரத்தினத்தின் திறனை எவரும் மறுக்கார். ஆறு விருதுகளுள் ஒன்று ஒலிப்பதிவுக்கானது. அந்த ஒலியில் மாங்குளத்துப் பெண்ணின் தமிழ் எவ்வளவு மாங்குளத்தினது என நடுவர் எவரும் கேட்டிருக்க நியாயமில்லை. கேட்பதற்குரிய செவி அவர்களிடம் இல்லை. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் ஈழத்துக் குடும்பமொன்று சென்னையில் தன் அடையாளத்தை மறைத்து வாழ முயல்கின்றது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற அச்சமே அதன் நகைச்சுவைக்கும் உருக்கத்துக்கும் அச்சு. சென்னைத் திரையுலகம் ஈற்றில் ஒன்றை உணரத் தலைப்பட்டுள்ளது எனலாம்: நம் பேச்சே ஒரு கதையாகும்.

‘தீபன்’ பற்றிக் கூறாது விட்டால் மறதி எனக் கொள்வர். 2015 மே மாதம் கான் விழாவில் அது தங்கப்பனை விருதைப் பெற்றது. பிரான்சின் ஜாக் ஓடியார் எடுத்த படம். உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். நாயகன் அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அவ்வாண்டு ஒஸ்காருக்குப் பிரான்ஸ் தன் சார்பில் அனுப்பியது அதனையன்று, துருக்கி மொழிப் படமான ‘முஸ்தாங்’கை. அடுத்த ஆண்டு பிரெஞ்சு சேசார் விருதுகளுக்கு ‘தீபன்’ ஒன்பது பிரிவுகளிற் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த நடிகருக்கான பரிந்துரையும் அவற்றுள் ஒன்று. பரிசு எதுவும் கிட்டவில்லை. நாம் தங்கப்பனைக்கு மகிழ்ந்தோம், ‘முஸ்தாங்’குக்குச் சினந்தோம். கோயன் சகோதரர்கள் தலைமைதாங்கிய கான் நடுவர் குழு உபதலைப்புகளை வாசித்துத்தான் படத்தை மெச்சியது. கணவன் மனைவியாக நடிக்கும் அவ்விருவரின் தமிழும் இரு கரைகளைச் சேர்ந்தவை என்பது அவர்களுக்குக் கேட்டிராது. நாயகி சென்னை நாடக மேடையிலிருந்து சென்றவர். அந்நியர் இருவர் குடும்பமெனப் பொய்யுரைத்து எல்லை கடக்கும் கதையிலே அவ்வேறுபாடு ஒருவகையிற் பொருந்திவிட்டது என்பேன். வேறொரு கதையாயின் படத்தை அது உடைத்திருக்கும். இவ்வாறான ஒரு விமர்சனத்தை எழுதத்தக்கவர் உலகில் நாம் மட்டுமே. நாமோ எத்தனை பரிந்துரை, எத்தனை பரிசு என எண்ணிக்கொண்டிருந்தோம்.

பேராசிரியர் சிவத்தம்பி 1981இலேயே தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பு ஊடகமாகக் கொண்டு நூல் எழுதினார். சினிமாவைப் பல்கலைக்கழக ஆய்வுக்குத் தகாத பொருளென ஒதுக்கியோர்க்கு அது தக்க பதிலாக அமைந்தது. அவரது பெயரை மேற்கோளாகக் காட்டும் நாம், 1962இன் ‘சமுதாயம்’ தொடக்கம் ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) ஈறாக நமது மண்ணிலே எடுக்கப்பட்ட படங்களில் எவ்வகைத் தமிழ் பேசப்பட்டது, யாருடைய வாயில் எது வைக்கப்பட்டது என்பதை இருந்து கேட்டு எழுதியிருக்கின்றோமா? கேட்பதற்கும் இப்போது எல்லாம் எஞ்சியில்லை. 1983 ஆடியில் ஹெந்தலையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம், அது தகும். படச்சுருள் எரிந்த நாளை நினைவுகூர்வோரை விரல்விட்டு எண்ணலாம். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றுவரும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குச் சென்றால், பழைய படங்களின் காட்சிக்கு இருக்கைகள் எவ்வளவு காலியாக இருக்கின்றன என்பதை எவரும் காணலாம்.

இவற்றையெல்லாம் கூறும்போது, ‘ஒஸ்காரை விட்டுவிட்டு நாமே ஒரு விருது வைத்துக்கொள்வோம்’ என்று ஒரு மாணவ நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். பொன்னாடையும் கேடயமும் நம்மிடம் ஏற்கெனவே மிகுதி. நமது சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நாடகப் போட்டியின் புள்ளிப் படிவத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். நடிப்புக்கு ஒரு நிரல், ஒப்பனைக்கு ஒரு நிரல், ஒளியமைப்புக்கு ஒன்று, மேடையமைப்புக்கு ஒன்று, நேரக் கட்டுப்பாட்டுக்கும் ஒன்று. பாத்திரம் பேசும் தமிழ் அப்பாத்திரத்தின் ஊரினதும் வீட்டினதும் தமிழ்தானா எனக் கேட்கும் நிரலை அவர் தாளின் இரு புறமும் தேடினார்.